மேஜைக்கு அந்தப் பக்கம்

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏலம் எடுத்தவரின் ஜோடிக்கு டம்மி என்று பெயர். சீட்டுகளை மேஜையில் விரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவற்றையும் ஏலம் எடுத்தவரே ஆடுவார்.

அன்று நான் டம்மி. ஆடியவர் வக்கீல் வரதசாமி, வயது எழுபத்தொன்று. எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் தில்லைநாயகி டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விரித்ததில் உருப்படியாக இருந்தது கிளாவர் இனம் மட்டும்தான். ஏஸ், ராஜா, கூட மூன்று சின்னச் சீட்டுகள். வக்கீல் கையில் மூன்று சின்னக் கிளாவர்கள்.

விட்டுக்கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. முதல் சுற்றில் ஏஸ், அடுத்ததில் ராஜா. மூன்றாவது எதிராளியின் ராணிக்குப் போனது. என் பக்கம் மிச்சமிருந்த இரண்டு கிளாவரையும் இனி வெல்ல ஆளில்லை. ஒரு சுற்றை ஜெயித்த பக்கத்திலிருந்துதான் அடுத்ததைத் தொடங்க முடியும். ஆனால் அந்தப் பக்கம் போக வக்கீல் கையில் ஒரு கிளாவர்கூட இல்லை. இரண்டும் வீணாகி ஆட்டம் தோற்றது.

எதிராளிகள் டீ குடிக்கப் போனார்கள்.

"எங்க தப்பு, டீச்சர்?" என்றார் வக்கீல்.

டீச்சர் சீட்டுகளைப் பழையபடி அடுக்கினார். "முதல் சுத்துல ரெண்டு பக்கமும் சின்னதைப் போட்டுத் தோத்துடுங்க."

"ஏஸ் இருக்கும்போதா?"

"எப்படியும் ஒரு சுத்து அவங்களுக்குத்தான் சார். அதை முதல்லயே குடுத்துட்டா, அந்தப் பக்கம் போக உங்க கையில சீட்டு இருக்கும்."

வக்கீல் அப்படியே ஆடிப் பார்த்தார். மிச்ச நான்கு கிளாவரும் ஜெயித்தன. அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"போன வாரம் என் பொண்ணு சுகந்தி கூப்பிட்டா, டீச்சர். நாலு வருஷம் கழிச்சு."

"என்ன சொன்னாங்க?"

"'என் கல்யாணத்துக்கு நீங்க வரவேயில்லையேப்பா'ன்னா. பத்திரிகை எனக்கு வந்ததே கல்யாணத்துக்கு மறுநாள். கவரை எடுத்து, தபால் முத்திரைத் தேதியைப் படிச்சுக் காட்டினேன்."

"அப்புறம்?"

"போனை வெச்சுட்டா."

வக்கீல் மேஜையில் கிடந்த சீட்டுகளைக் கூட்டிச் சேர்த்தார்.

"ஏழு நாளா போனை மடியிலயே வெச்சிருக்கேன். மறுபடி ஒரு தரம் அப்பான்னு கூப்பிட மாட்டாளான்னு இருக்கு. நானே கூப்பிட்டா என்ன சொல்றது?"

டீச்சர் கிளாவரிலேயே மிகச் சின்னதான ரெண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

வக்கீலுக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பழுப்பேறிய கவர் ஒன்றை எடுத்தார். அதைக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஆட்டம் முடிந்தும் நான் டம்மியாகவே இருந்தேன்.

"'வராதது என் தப்புதாம்மா'ன்னு சொல்லணுமா? கவர் என்கிட்ட இருக்கே, டீச்சர்!"

"ஏஸும் இருந்துச்சே, சார்."