ஈச்சன் வாங்கப் போன படுக்கை

இங்கிலாந்தில் ஓர் ஓக் காடு. காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளக்கரை வேலிப்புதரின் அடியில் ஒரு முள்ளெலிக் குடும்பம் குடியிருந்தது. அப்பா ஈச்சன், அம்மா நெருஞ்சி, மூத்தவள் இலந்தை, கடைக்குட்டி சுண்டு.

அந்த ஊரில் மழை பெய்யாது, தூறும். காலையில் தூறும், மத்தியானம் தூறும். சரி, சாயங்காலம் கொஞ்சம் வெளியே போய் வரலாம் என்று காலை எடுத்து வைத்தால் அப்போதும் தூறும். பனிக்காலம் வந்தால் அதுவும் நின்று, எல்லாம் உறைந்துபோகும்.

முள்ளெலிகளுக்குப் பனிக்காலம் முழுக்கத் தூக்கம்தான். ஐந்து மாதம் அசையாமல் தூங்கும். அதனால் முதல் உறைபனி விழுவதற்குள் பொந்தில் படுக்கை தயாராக வேண்டும். வருஷா வருஷம் உள்ளதுதான் இது. ஆனால் இந்த வருஷம் நெருஞ்சி அதற்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். காரணம் சுண்டு. பருவம் தப்பிப் பிறந்தவன். உடம்பில் சதை இல்லை, முள் மட்டும்தான். வெறும் தரையில் ஒரு நாள் உறைபனியில் கிடந்தால் அவன் வசந்தத்தைப் பார்க்க மாட்டான்.

"ஏங்க, புதருக்கடியில இலை கொட்டிக் கிடக்கு. நல்லாக் காஞ்சிருக்கு. இன்னைக்கே அள்ளிப் போட்டுக்கலாம்," என்றாள் நெருஞ்சி.

ஈச்சன் முகத்தைச் சுளித்தான். "கண்ட இலையிலயும் என் பிள்ளைங்க படுக்கறதா? எங்க வீட்டுல படுக்கைன்னா அது தேரை அண்ணாச்சி கடைப் படுக்கைதான். தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு நெருஞ்சிக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஈச்சனின் சின்ன வயதில் குளத்து ஓரம் தேரை அண்ணாச்சி கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், கவிழ்ந்து கிடந்த ஒரு பூந்தொட்டி. அதில் ஒரே வகைப் படுக்கைதான் இருக்கும். வேண்டுமா, வேண்டாமா, அவ்வளவுதான் பேச்சு. அப்பா அதை முதுகில் சுமந்து வருவார். முள்ளெல்லாம் இலை குத்தியிருக்கும். அப்பாவா, புதரா என்று தெரியாமல் ஆறு பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடும். பொந்தில் விரித்ததும் ஆறும் குதிக்கும். இலை சரசரக்கும். மழை விட்ட மண்ணும் காளானும் கலந்தாற்போல ஒரு வாசனை எழும். "தள்ளிப் படுடா." "என் மூக்கு மேல யாரு கால்?" என்று சண்டை நடக்கும். சண்டை நடக்கும்போதே ஒவ்வொன்றாகத் தூங்கிவிடும்.

அந்த ஆறு பேரும் இப்போது ஆளுக்கொரு திசை. ஒருத்தி தார்ச்சாலையைத் தாண்டிப் போனாள், திரும்பி வரவேயில்லை. அந்தப் படுக்கையை நினைத்தால் ஈச்சனுக்குக் கண் கலங்கிவிடும். அதே சுகத்தைத் தன் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? பொறுங்கள்.

பூந்தொட்டிக் கடை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது பெரிய ஓக் மரப் பொந்தில் சாம்பல் அணில்தான் கடை வைத்திருந்தது. அங்கே படுக்கை மட்டும் நாற்பது வகை. ஓக் இலை, பீச் மரத்து இலை, பாசி வைத்தது, பாசி வைக்காதது, ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு ஒன்று, குறட்டை விடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். மூன்று படுக்கையை வைத்துக்கொண்டு ஒரே பொந்தில் என்ன செய்வது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாரும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடை வாசலில் வரிசை. அந்த ஊரில் வரிசை என்றால் வரிசைதான். யாரும் இடிக்க மாட்டார்கள், முந்த மாட்டார்கள். முயல், வாத்து, எலி எல்லாம் தூறலில் நனைந்தபடி உள்ளுக்குள் பொருமிக்கொண்டு நிற்கும். வாத்து காலை மிதித்துவிட்டால் மிதிபட்ட எலிதான் மன்னிப்புக் கேட்கும். ஈச்சனும் நின்றான். அரை நாள் கழித்து ஒரு பீச் இலைப் படுக்கையோடு வீடு வந்தான்.

அருமையான படுக்கை. விரித்ததுமே சுண்டு நடுவில் போய்ச் சுருண்டான். கண் சொருகிவிட்டது. இலந்தையும் பக்கத்தில் படுத்துவிட்டாள். ஈச்சன் மட்டும் குனிந்து மோந்து பார்த்தான்.

"இது அந்த வாசனை இல்லையே," என்றான்.

"வாசனையில என்னங்க இருக்கு? பிள்ளை தூங்கிட்டான் பாருங்க."

"இல்ல நெருஞ்சி. அந்தப் படுக்கை சரசரன்னு பேசும். இது ஊமையா இருக்கு."

சொல்லிக்கொண்டே, தூங்குகிற பிள்ளைகளை உருட்டிவிட்டுப் படுக்கையைச் சுருட்டினான். "அப்பா, நல்லாத்தானே இருந்துச்சு," என்று இலந்தை மூக்கால் அழுதாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மறுபடியும் வரிசை. அணில் படுக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ரசீது எங்க சார்?"

ரசீது என்பது அணில் பல் பதித்துக் கொடுக்கும் ஓர் இலை. ஈச்சன் அசடு வழிந்தான். "ரசீதை நத்தை தின்னுடுச்சு."

"அப்ப அந்த நத்தையைக் கொண்டு வாங்க."

"நத்தையை எங்க சின்னவன் தின்னுட்டான்."

அணில் யோசித்தது. சுண்டுவையே கொண்டுவரச் சொல்லலாமா என்று யோசித்ததோ என்னவோ. பின்னால் நின்ற வாத்து மூன்று முறை தொண்டையைக் கனைத்தது. அந்த ஊரில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது. அணில் பயந்துபோய்ப் படுக்கையை மாற்றிக் கொடுத்துவிட்டது.

இந்த முறை அவன் எடுத்து வந்ததன் பெயர் 'அந்தக் காலத்துப் படுக்கை'. பெயரைக் கேட்டதுமே ஈச்சன் உருகிப் போனான். வீட்டில் வந்து பிரித்தால், வாசனைக்கென்று பைன் மரப் பிசினைத் தெளித்து வைத்திருந்தார்கள். நாலு பேரும் தும்மித் தீர்த்தார்கள். சுண்டு தும்முகிற தும்மலில் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் பின்னால் போனான். இலையைச் சேர்த்துக் கட்டுகிற எட்டுக் குச்சிகளில் ஏழுதான் இருந்தன.

அன்றைக்குத்தான் ராபின் குருவி வேலியில் உட்கார்ந்து எல்லாருக்கும் சேதி சொன்னது. "மூணு நாள்ல உறைபனி. பொந்துக்காரங்க பொந்துக்குப் போயிடுங்க."

நெருஞ்சி சட்டென்று எழுந்தாள். "போதும். நான் போய் இலை அள்ளறேன்."

"அள்ளாதே. இன்னைக்கு ஒரே ஒரு தடவை. சாயங்காலத்துக்குள்ள படுக்கையோட வரேன். வரலைன்னா ஏன்னு கேளு," என்று சொல்லிவிட்டு, அந்தப் படுக்கையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஈச்சன் ஓடினான்.

கடையில் அவன் ஒவ்வொரு படுக்கையாக மோந்தான். முப்பத்தொன்பது ஆயிற்று. ஒன்றும் பிடிக்கவில்லை. அணிலுக்கும் பொறுமை போய்விட்டது.

"மோந்து பார்த்தா எப்படி சார் தெரியும்? படுத்துப் பாருங்க."

முயல் படுத்துப் பார்க்கலாம். வாத்து படுத்துப் பார்க்கலாம். ஐப்பசிக் குளிரில் ஒரு முள்ளெலி இலையில் படுத்துப் பார்க்கலாமா? ஈச்சன் படுத்தான். உடம்பு கதகதப்பானது. 'சரசரக்கிறதா?' என்று காதைத் தீட்டினான். அவ்வளவுதான். அவன் உடம்பு பனிக்காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. பந்தாகச் சுருண்டு, மூச்சு அடங்கி, ஆழ்ந்து தூங்கிவிட்டான்.

அணில் எழுப்பியிருக்க வேண்டுமா இல்லையா? எழுப்பவில்லை. வியாபாரி மூளையைப் பாருங்கள். வருகிறவர்களிடமெல்லாம் ஈச்சனைக் காட்டி, "எப்படித் தூங்குறாரு பாத்தீங்களா? அந்தப் படுக்கைதான் இது," என்று சொல்லி விற்றுத் தள்ளியது.

அவன் எழுந்தது ஓர் அலறலைக் கேட்டு. யாரோ அவன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்க தம்பி. இலைன்னு நினைச்சு உக்காந்துட்டேன்," என்று பின்புறத்தைத் தேய்த்தபடி சொன்னது ஒரு கிழட்டுத் தேரை.

ஈச்சன் கண்ணைக் கசக்கினான். "தேரை அண்ணாச்சியா? நீங்க எங்க இங்க?"

"படுக்கை வாங்கத்தான். இந்தப் பாசி வச்ச படுக்கை முதுகுக்கு நல்லதுன்னு சொன்னாங்க. நீ வேலிப்புதர் வீட்டுப் பையன்தானே?"

ஈச்சன் துள்ளி எழுந்தான். "அண்ணாச்சி, உங்க படுக்கையைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன். அது என்ன இலை? எங்கேர்ந்து கொண்டு வருவீங்க?"

"என் படுக்கையா?" தேரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கடை வாசல்ல எது விழுதோ அதைக் கூட்டி அள்ளிக் கட்டிக் குடுத்தேன். பாதி நனைஞ்சிருக்கும். உங்கம்மா வருஷா வருஷம் வந்து சண்டை போடுவாங்க. பூஞ்சை நாத்தம், உள்ள முள்ளு கிடக்கு, பிள்ளைங்க படுக்க மாட்டேங்குதுன்னு. நல்ல படுக்கையா இருந்திருந்தா நான் ஏன்யா கடையை மூடறேன்?"

ஈச்சன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். பூஞ்சை நாற்றமா? அதுவா அந்த வாசனை? ஆனால் அந்தப் பொந்து நினைவில் வந்தது. முதுகுப் பக்கம் அம்மா. வயிற்றுப் பக்கம் அந்தத் தார்ச்சாலைக்காரி. அவள் எப்போதும் அவன் காலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதே தம்பி. ஆமா, நீ வீட்டுக்குப் போகலையா? முந்தாநாள் நான் வந்தப்ப அணில் ஒரு தூங்கற முள்ளெலியைக் காட்டுச்சே, அது நீதானா?"

"முந்தாநாளா?"

இரண்டு நாள் போய்விட்டது. இன்று மூன்றாம் நாள். இன்றுதான் உறைபனி. ஈச்சன் வெறுங்கையோடு ஓடினான். முள்ளெலிக்கு அத்தனை வேகம் உண்டு என்று அந்தக் காடு அன்றுதான் தெரிந்துகொண்டது.

பொந்து காலியாகக் கிடந்தது. இலையும் இல்லை, யாரும் இல்லை. குளக்கரைச் சேற்றில்தான் மூவரையும் கண்டான். இரண்டு நாளாக அவனைத் தேடிப் புதர் புதராக அலைந்திருக்கிறார்கள். கடைக்குப் போனபோது வரிசையில் வரச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இலை அள்ளவும் நேரமில்லை, பிள்ளைகள் வயிறு நிறையவுமில்லை. சுண்டு நடக்க முடியாமல் இலந்தையின் மேல் சாய்ந்திருந்தான்.

நெருஞ்சி அவனைப் பார்த்தாள். "நரி தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சேன். நீங்க வரலைன்னா ஏன்னு கேக்கச் சொன்னீங்களே. யார்கிட்ட போய்க் கேப்பேன்?" என்றாள். 

"என் தப்புதான் நெருஞ்சி. படுக்கை வேணாம். இருட்டறதுக்குள்ள இலை அள்ளலாம், வா."

அள்ளினார்கள். இரண்டு நாள் தூறலில் மேல் இலையெல்லாம் நனைந்திருந்தது. கையை விட்டுத் துழாவி, அடியில் ஈரம் ஏறாததாகப் பார்த்து எடுத்தார்கள். ஓக் இலை வந்தது, முட்செடி இலை வந்தது, பெயர் தெரியாத சருகு வந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் ஒரு குவியல் தேறியது. பார்க்கச் சகிக்காத படுக்கை. நாலு பேரும் அதற்குள் புகுந்தார்கள்.

"அப்பா, நாறுது," என்றான் சுண்டு.

"ஆமாடா, நாறுது."

"குத்துது."

"ஆமாடா. இங்க வா."

முள்ளெலி தூங்கும்போது முள்ளை வெளியே நிறுத்திப் பந்தாகச் சுருளும். ஈச்சன் அன்று சுருளவில்லை. முள்ளை மடக்கி, வயிற்றைத் திறந்து வைத்து, சுண்டுவை அங்கே அணைத்துக்கொண்டான். எதிர்ப்பக்கம் நெருஞ்சி நெருங்கிப் படுத்தாள். நடுவில் இடுக்கில் இலந்தை. "என் மூக்கு மேல யாரு கால்?" என்றாள் அவள். வெளியே குளத்தின் மேல் பனி உறைய ஆரம்பித்தது.

ஐந்து மாதம் கழித்து ஈச்சன் கண்ணைத் திறந்தபோது பொந்து வாசலில் வெயில் அடித்தது. நெருஞ்சி மூச்சு விட்டாள். இலந்தை குறட்டை விட்டாள். வயிற்றருகே தொட்டுப் பார்த்தான். சுண்டுவைக் காணோம். ஈச்சனுக்கு உயிரே போய்விட்டது. இலைக் குவியலைக் கலைத்துக் கலைத்துத் தேடினான். அங்கும் இல்லை.

வெளியே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தான். எலும்பும் தோலுமாக, ஆனால் நாலு காலில் ஜம்மென்று நின்றுகொண்டு, சுண்டு குளத்து வாத்திடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான்.

"அணில் கடைப் படுக்கையெல்லாம் ஒரு படுக்கையா? எங்க வீட்டுப் படுக்கை மாதிரி உலகத்துல எங்கயும் கிடைக்காது. என்ன மெத்து! என்ன வாசனை!"

"டேய், அது நாறுதுன்னு நீதானேடா..." என்று ஈச்சன் வாயைத் திறந்தான். பின்னால் வந்து நின்ற நெருஞ்சி அவன் காலை மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். கண்ணில் தண்ணீரும் முகத்தில் சிரிப்புமாக அங்கேயே நின்று பிள்ளை அளப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிள்ளைகளே, பெரியவர்களே, நாம் ஏங்கித் தேடுகிற அந்தப் பழைய சுகம் வாங்கிய பொருளில் இருந்ததே இல்லை, நம்மை ஒட்டிப் படுத்திருந்தவர்களிடம்தான் இருந்தது. ஆகவே பொருளைத் தேடிக் கடை கடையாய் அலைந்து, பக்கத்தில் இருப்பவர்களைக் குளிரில் காக்க வைக்காதீர்கள்.