கன்னத்தில் ஒளித்த தேன் உருண்டை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் கொண்டையன் என்றொரு குரங்குக் குட்டி இருந்தது. அதன் ஆசைக்கு அளவே கிடையாது. ஒன்று கிடைத்தால் இரண்டு வேண்டும். இரண்டு கிடைத்தால் எல்லாமே வேண்டும்.

தை பிறந்தால் அந்தக் காட்டில் மாதம் முழுவதும் தேன் திருவிழா. முதல் நாள் கரடி தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து எல்லோருக்கும் கொடுக்கும். கடைசி நாள் கரும்புப் போட்டி. கரும்பைப் பல்லால் உரித்து முதலில் தின்று முடிப்பவர் யானையின் கழுத்தில் ஏறி ஊர்வலம் போகலாம். அந்த ஊர்வலத்தைத்தான் கொண்டையன் ஆண்டு முழுவதும் கனவு கண்டுகொண்டிருந்தது.

திருவிழா வந்தது. கரடிக்குப் பெரிய கை, அதைவிடப் பெரிய மனசு. வாரி வாரிக் கொடுத்தது. அணில் ஓர் உருண்டையைத் தின்றது. மிச்சத்தை மரப்பொந்தில் வைத்துவிட்டு ஓடைப் பக்கம் கிளம்பியது.

"கொண்டையா, வாடா, வாய் கொப்பளிச்சுட்டு வருவோம்" என்று கூப்பிட்டது.

"கொப்பளிச்சா இனிப்பு போயிடுமே! உனக்கு மரத்துலதான் பொந்து. எனக்கு வாயிலேயே ரெண்டு பொந்து இருக்கு, தெரியுமா?" என்றது கொண்டையன்.

குரங்குகளுக்குக் கன்னத்துக்குள் பை உண்டு, குழந்தைகளே. அவசரத்துக்குப் பழத்தை அடக்கிக்கொள்ளத்தான் அது. நம் கெட்டிக்காரக் கொண்டையனோ இந்தக் கன்னத்தில் ஓர் உருண்டை, அந்தக் கன்னத்தில் ஓர் உருண்டை என்று அடக்கிக்கொண்டது.

"உங்களுக்கெல்லாம் இனிப்பு தீர்ந்துபோச்சு. எனக்குத் தீரவே தீராது!" என்று கிளைக்குக் கிளை தாவியது.

விளையாடும்போதும் இனிப்பு, தூங்கும்போதும் இனிப்பு. கரைந்துவிட்டால் கரடி முன்னால் போய் நிற்கும். இல்லை என்று சொல்லத் தெரியாத கரடியும் கொடுத்துவிடும். ஒருநாள் முன்பல் சுருக்கென்று வலித்தது.

"எறும்பு கடிச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு இன்னோர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கியது கொண்டையன்.

கடைசி நாள் மரங்கொத்தி மூங்கிலைத் தட்டியதும் போட்டி தொடங்கியது. கொண்டையன் கரும்பை எடுத்து வேகமாக ஒரு கடி கடித்தது.

"ஐயோ, அம்மா!"

பல் கழன்று கரும்பிலேயே நின்றுவிட்டது. அணில் நிதானமாக நறுக் நறுக்கென்று கரும்பை உரித்துத் தின்று முடித்தது. யானை அதைத் தூக்கிக் கழுத்தில் உட்கார வைத்துக்கொண்டது. ஊர்வலம் போவதைப் பார்க்க முடியாமல் கொண்டையன் அம்மா மடியில் முகத்தைப் புதைத்து அழுதது. பாவமாகத்தான் இருந்தது.

"எங்கே, வாயைத் திற" என்றது அம்மா. "அழாதேடா. போனது பால்பல்தான். புதுசு முளைக்கும்."

"அதுவும் போச்சுன்னா?"

"அப்புறம் முளைக்காது, கண்ணு."

கொண்டையன் அழுகையை நிறுத்தியது. அம்மா மடியிலிருந்து குதித்து ஓடைக்கு ஓடி, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தது.

மறு தை பிறந்தது. கொண்டையனுக்கு வெள்ளை வெளேரென்று புதுப்பல் முளைத்திருந்தது. கரடி வழக்கம்போல் இரண்டு கை நிறைய உருண்டைகளை நீட்டியது.

"ஒண்ணு போதும், மாமா."

"ஏன்டா, கன்னத்துல இடம் இல்லையா?"

"கன்னத்துல இடம் நிறைய இருக்கு, மாமா. பல்லுதான் இனிமே முளைக்காது."

உருண்டையை ரசித்துத் தின்றது. அணிலோடு சேர்ந்து ஓடைக்குப் போனது.

கடைசி நாள் கொண்டையன் கரும்பைக் கடித்த சத்தத்தில் மூங்கில் புதரிலிருந்த குருவிகள் எல்லாம் பறந்தன. மற்றவர்கள் பாதி உரிப்பதற்குள் அது தின்றே முடித்துவிட்டது. யானையின் கழுத்தில் ஏறியதும் கீழே பார்த்து, "நீயும் வா!" என்று அணிலைக் கூப்பிட்டுத் தன் தலையில் உட்கார வைத்துக்கொண்டது.

ஊர்வலம் முடியும் வரைக்கும் கொண்டையனுக்கு வாயெல்லாம் பல்.

நீதி: இனிப்பை அளவோடு தின்று வாயைக் கொப்பளிப்பவருக்கு எல்லாத் திருவிழாவும் இனிக்கும்.