பொங்கல் சாம்பாருக்கு உப்பு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து சாமிக்குப் படையல் போடும்வரை, சமைக்கிறவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பேசக்கூடாது. ருசி பார்க்கக்கூடாது. யார் வைத்த வழக்கம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால், கேட்டவனைத்தான் முறைப்பார்கள்.

மடத்தின் குரு ஆவுடையம்மைக்கு நாற்பது வயது. சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. மகன் வீட்டில் தனக்கு இடமில்லை என்று ஆனபிறகு வந்து சேர்ந்தவர். அவர் அம்மையை ‘அம்மா’ என்பார். அம்மை அவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

பொங்கல் அன்று காலையில் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே குற்றாலிங்கம் கேட்டார்.

“அம்மா, போன பொங்கலுக்கு அந்தப் பிள்ளை வாங்கின அடி யாரைச் சேரும்?”

அம்மை அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அடுப்பைப் பத்தவைங்க அண்ணாச்சி.”

போன பொங்கலுக்கு நடந்தது இதுதான். ஊருக்குப் போக லீவு கிடைக்காத செங்கல் சூளைக்காரர்கள் நாற்பது பேருக்கு மடத்தில் விருந்து. குற்றாலிங்கம் சாம்பாருக்கு உப்பு போட்டார். அவர் விறகெடுக்கப் போன நேரத்தில் அம்மையும் போட்டார். வாய்தான் கட்டியிருக்கிறதே, யாரை யார் கேட்பது?

நாற்பது பேரும் பிரசாதமாச்சே என்று தின்றார்கள். குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார்கள். பேச்சி என்கிற ஏழு வயதுப் பிள்ளை மட்டும் தூவென்று துப்பிவிட்டது.

“சாமி சோத்தைத் துப்புதே, என்ன வளர்ப்பு இது?” என்றார் தர்மகர்த்தா சொக்கநாதன்.

பேச்சியின் தாய் மாடத்திக்கு அவமானம் தாங்கவில்லை. எழுந்து வந்து பிள்ளை கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். குருவும் சீடரும் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். படையல் முடிந்து துணியெல்லாம் அவிழ்த்தாகிவிட்டது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தர்மகர்த்தா அதே சாம்பாரை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றார். என்ன நாக்கோ அது!

இந்த வருஷமும் அதே நாற்பது பேர். அதே சமையல். சோறு, பூசணிக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், சர்க்கரைப் பொங்கல். அப்பளம்கூடக் கிடையாது. தர்மகர்த்தா மட்டும் சமையல்கட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாம்பார் கொதித்தது. குற்றாலிங்கம் உப்புச் சட்டியைப் பார்த்தார். அம்மையும் பார்த்தார். இரண்டு பேரும் வேறு வேலைக்குப் போனார்கள்.

சாம்பாரை இறக்கியாயிற்று. படையலுக்கு இலையைக் கழுவப் போன அம்மை பாதியில் நின்றார். என்ன நினைத்தாரோ, வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அடுப்பில் போட்டார். ஒரு கரண்டி சாம்பாரை எடுத்துக்கொண்டு சூளைக்காரர்கள் காத்திருந்த முற்றத்துக்கு நேரே போனார்.

“பேச்சி, கையை நீட்டு.”

பிள்ளை தாயைப் பார்த்தது.

“உங்கம்மாவை ஏன் பாக்குறே? நான்தானே கேக்குறேன். நீட்டு.”

ஊதி ஆற்றி, உள்ளங்கையில் ஊற்றினார். தர்மகர்த்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்.

“ஏம்மா, உமக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாமிக்கு இன்னும் படைக்கல!”

அதற்குள் பேச்சி நக்கிவிட்டது.

“உப்பே இல்ல.”

மாடத்தி எழுந்துவிட்டாள். அவள் கை தானாகவே மேலே போனது.

தர்மகர்த்தா, பின்னாலேயே வந்து நின்ற குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“வே, நீரு விவரம் தெரிஞ்ச மனுஷன். உப்பு போட்டாச்சுன்னு தலையை மட்டும் ஆட்டும். பிள்ளை பொய் சொல்லுதுன்னு முடிச்சிருவோம். மடத்துச் சாவி என் கையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும். இங்கேருந்து போனா உமக்குப் போக்கிடம் ஏது?”

தலையாட்டினால் போதும். அடி பிள்ளைக்கு. இடம் இவருக்கு. குற்றாலிங்கம் மாடத்தியின் கையையே பார்த்தார். பிறகு வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்.

“ஏ மாடத்தி, கையை இறக்கு. பிள்ளை சொன்னது நிசம். நான் உப்பு போடல. அம்மா போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“நீங்க போட்டிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்” என்றார் அம்மை.

“போன வருஷம் ரெண்டு பேரும் போட்டோம்” என்றார் குற்றாலிங்கம், எல்லாருக்கும் கேட்கும்படி.

சூளைக்காரர்களில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் முற்றம் முழுக்கச் சிரிப்பு. மாடத்தி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

தர்மகர்த்தாவின் முகம் சிவந்துவிட்டது.

“பிள்ளை வாய் வச்ச சாம்பாரைச் சாமிக்கு எப்படி வைப்பீரு?”

“போன வருஷம் வச்சதுக்கு இது எவ்வளவோ தேவலை” என்றார் அம்மை.

“நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டணும்!”

“கட்டிருதோம். இப்ப நாற்பது பேருக்குப் பசிக்குது. வழியை விடுங்க. உங்களுக்கும் இலை உண்டு, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

அவர் இருக்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பேச்சியே உப்பு போட்டது. இரண்டாவது தடவை நக்கிப் பார்த்துவிட்டு, “ம்” என்றது. அந்தச் சாம்பாரைத்தான் சாமிக்கும் வைத்தார்கள். பந்தியில் சோறு இரண்டாம் முறை கேட்காதவர் இல்லை.

எல்லாரும் கை கழுவப் போனபின், குற்றாலிங்கம் பேச்சியைக் கூப்பிட்டார். அவிழ்த்த துணி இன்னும் அவர் தோளில் கிடந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, அதை நனைத்து, பிள்ளையின் உள்ளங்கையைத் துடைத்துவிட்டார்.

“நாளைக்கு எங்கே போறது அம்மா?”

“ரெண்டு பேருக்கும் கை இருக்கு. எங்கயாவது அடுப்பு இல்லாமலா போயிரும்?”

குற்றாலிங்கம் பிள்ளையின் கையை விடாமலே கேட்டார்.

“காலையில நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே. அந்த அடி யாரைச் சேரும்?”

அம்மை எச்சில் இலையை எடுத்தபடியே சொன்னார்.

“அன்னைக்கு இந்த முற்றத்துல கட்டாத வாய் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு அண்ணாச்சி. அதைத்தான் அடிச்சோம்.”