இறக்கி வைத்த பல்லக்கு

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. கொன்றை நாட்டை ஓர் அரசன் ஆண்டுவந்தான். அரண்மனைக்கு வெளியே அரசன் கால் மண்ணில் படக்கூடாது என்பது அவர்கள் குலவழக்கம். போகிற இடமெல்லாம் பல்லக்குதான். எட்டுப் பேர் தூக்குவார்கள். முன்தண்டைத் தாங்குபவன் கூத்தன்.

அந்த வருடம் அரசனுக்குப் படகு விளையாட்டில் ஆசை வந்தது. ஏரியில் தண்ணீர் குறையக்கூடாதென்று மதகை அடைத்துவிட்டான். கூத்தன் வயலும் ஊரார் வயலும் வெடித்துப் போயின.

ஊரார் மூன்று முறை முறையிடப் போனார்கள். முதல் முறை, அரசர் குளிக்கிறார் என்றார்கள் வாசல் காவலர்கள். இரண்டாம் முறை, சாப்பிடுகிறார் என்றார்கள். மூன்றாம் முறை, தூங்குகிறார் என்றார்கள். பாவம், அரசருக்குத்தான் எத்தனை வேலை!

கூத்தனின் மைத்துனன் மல்லனும் பல்லக்குத் தூக்குபவன்தான். அவனுக்கு ரத்தம் கொதித்தது.

“மச்சான், நாளைக்கு மலைப்பாதையில போறோம். வளைவுல தோளைக் கொஞ்சம் சாய்ச்சா போதும். ஆளு பள்ளத்துல!”

கூத்தனுக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்? பிள்ளைகள் கூழுக்கு அழுவதைத் தினமும் கேட்கிறவன் அவன்.

“பள்ளத்துப் பக்கம் தூக்குறது யாருடா?” என்று கேட்டான்.

மல்லன் விரல்விட்டு எண்ணினான். நாலு பேர். நாலாவது ஆள் அவனுடைய சொந்த அண்ணன் சாத்தன்.

“அவங்களும் சேர்ந்துதான் விழுவாங்க,” என்றான் கூத்தன். “ மிச்சம் இருக்கிற நம்மளைப் படை வெட்டும். மதகு அப்பவும் மூடித்தான் கிடக்கும்.”

“அப்போ காலம் பூரா தூக்கிக்கிட்டே திரியணுமா?”

“யார் சொன்னா? இறக்கி வைப்போம்.”

மறுநாள் மலை வளைவைப் பத்திரமாகக் கடந்தார்கள். உச்சிவெயிலில், வெடித்த வயல்களின் நடுவே, எட்டுப் பேரும் பல்லக்கைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். ஊரே வந்து கூட உட்கார்ந்தது.

காவலர்கள் ஈட்டியை ஓங்கினார்கள். கூத்தன் எழவில்லை, கையையும் ஓங்கவில்லை. உட்கார்ந்திருப்பவர்களை எப்படிக் குத்துவது? ஈட்டிகள் தாழ்ந்தன.

“நீங்களே தூக்குங்கள்!” என்று அரசன் காவலரை அதட்டினான். ஒருவன் கால் முன்னே போனால் இன்னொருவன் கால் பின்னே நின்றது. மூன்று தரம் தூக்கினார்கள். மூன்று தரமும் அரசன் தலை பல்லக்கின் கூரையில் இடித்தது. சிரிப்பை அடக்க ஊரார் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

வெயிலில் அரசனுக்கு நா வறண்டது. தண்ணீர் கேட்டான். கூத்தன் தன் சுரைக்குடுக்கையை நீட்டினான். உள்ளே கலங்கல் தண்ணீர்.

“இதையா குடிக்கிறீர்கள்?”

“இதுதானுங்க இருக்கு, மகாராசா. நல்ல தண்ணி உங்க படகுக்கு ஆயிடுச்சு.”

அரசன் தலைகுனிந்தான். “என்னை மதகுக்குக் கொண்டுபோங்கள்” என்றான்.

“அதுக்குன்னா தூக்குறோம்!” என்று எட்டுப் பேரும் துள்ளி எழுந்தார்கள்.

மதகு திறந்தது. இனி அதைத் திறப்பதும் மூடுவதும் ஊர்ச்சபையின் பொறுப்பு என்று அரசன் அங்கேயே வாக்குக் கொடுத்தான். வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. மல்லன் அதில் குதித்து, அண்ணன் சாத்தனைக் கட்டிக்கொண்டு அழுதான். ஏன் அழுகிறான் என்று சாத்தனுக்குப் புரியவில்லை. கூத்தனுக்குப் புரிந்தது.

கேட்டீர்களா மக்களே, அநியாயம் செய்பவனைக் கவிழ்த்தால் நம்மவர்களும் சேர்ந்து விழுவார்கள், எல்லோரும் ஒன்றுகூடித் தோளை விலக்கிக்கொண்டால் அவனே வழிக்கு வருவான்.