வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கடலும் ஆறும் கைகோக்கும் இடத்தில், வெகுகாலத்துக்கு முன், கொற்றத்துறை என்றொரு நகரம் இருந்தது. அதை ஆண்ட அரசன் பெயர் என்ன என்பதில் புலவர்களுக்குள் மூன்று கருத்துகள் உண்டு. மூன்றும் தவறு. ஆனால் அந்த நகரில் அந்துவன் என்றொருவன் இருந்தான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்துவனின் தொழில் வீடு ஒழிப்பது. யாராவது இறந்துபோனால், அல்லது கப்பலேறிப் போய்த் திரும்பாவிட்டால், உறவினர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் ஆட்களோடு வந்து பானை, கட்டில், பத்தாயம், பரண் எல்லாவற்றையும் ஒழித்து, வெறுஞ்சுவரை ஒப்படைத்துவிட்டுப் போவான்.

காலியான வீடு என்றால் அவனுக்கு உயிர். எல்லாம் போன பிறகு கூடத்தின் நடுவில் தனியாக நிற்பான். கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் தூசி மெல்ல மெல்ல மீன்குஞ்சுகள் போல் நீந்தும். யாரோ எப்போதோ அரைத்த சந்தனம் சுவருக்குள்ளிருந்து மணக்கும். வீடு கனவு காண்கிறது என்று நினைத்துக்கொள்வான். வீட்டின் கனவைக் கவனித்த அளவுக்கு அவன் தன் ஆட்களைக் கவனித்ததில்லை.

ஒருமுறை சேந்தன் என்பவன் ஆறு பேரை அழைத்துக்கொண்டு வந்தான். மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களாம். "பேச மாட்டார்கள், சலிக்க மாட்டார்கள், எதையும் கேட்க மாட்டார்கள். கூலியை என்னிடம் கொடுத்தால் போதும் ஐயா" என்றான். பெட்டியைத் தூக்கும்போது வாயையும் திறக்கும் ஆட்களால் நொந்துபோயிருந்த அந்துவனுக்கு இது வரமாகப் பட்டது.

அந்தத் தொழிலில் 'கடைசிக் கை' என்றொரு வழக்கம் உண்டு. வீடு ஒழிந்ததும், வேலை செய்த ஒவ்வொருவரும் மிச்சத்தில் தனக்குப் பிடித்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சங்கு வணிகர் வீடு. ஆறு பேரும் கைக்குக் கிட்டியதை, கண்ணால்கூடப் பாராமல் எடுத்தார்கள். வாசலில் சேந்தன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். "பத்திரமாக வைத்திருக்கத்தான்" என்றான். அந்துவன் தலையசைத்தான்.

அடுத்தது கூத்தாடும் அம்மையின் வீடு. ஆறு பேரும் எதையுமே எடுக்கவில்லை. "ஆசை அறுத்தவர்கள் ஐயா, பாதி முனிவர்கள்!" என்றான் சேந்தன். அந்துவன் அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னான்.

இப்படியே வீடு வீடாக மூன்று மாதம் போயிற்று. பிறகு வான்மீன் கணித்த கிழவர் வீடு. நடுப்பகல். சேந்தன் கள் குடிக்கப் போயிருந்தான். ஆறு பேரில் ஒருத்தி பின்கட்டுக் கதவிலிருந்து எதையோ பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். இரும்புத் தாழ்ப்பாள்.

"இது வேண்டும்" என்றாள். மலைநாட்டுத் தமிழ், ஆனாலும் தமிழ்தான்.

அந்துவன் சிரித்தான். "வெண்கல விளக்கு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. தாழ்ப்பாளையா கேட்பாய்? கதவு வேண்டாமா அதற்கு?"

"நாங்கள் படுக்கும் அறைக்குக் கதவு இருக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. எங்களுக்கு உள்ளே ஒன்று வேண்டும்."

அவள் போய்விட்டாள். அந்துவன் கூடத்தில் நின்றான். அன்று எந்த மணமும் வரவில்லை. எத்தனையோ கதவுகளைப் பார்த்தவன் அவன். வெளியே தாழிடுவது நெல்லுக்கும் மாட்டுக்கும்தான் என்று அவனுக்குத் தெரியும்.

பத்தே நாளில் அரசனின் பழைய அரண்மனையை ஒழிக்க வேண்டும். இந்த ஆறு பேர் இல்லாவிட்டால் முடியாது. அந்த வேலை வேறொருவன் கைக்குப் போய்விடும். அந்துவன் இரண்டு நாள் யோசித்தான். இரண்டு நாள் அதிகம்தான். மூன்றாம் நாள் ஊர்மன்றத்துக்குப் போய் முறையிட்டான். மன்றம் சேந்தனையும் ஆறு பேரையும் அழைத்து விசாரித்தது.

சேந்தன் பதறவில்லை. "விரும்பித்தான் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்" என்றான். அவன் பக்கத்தில் நிற்க, ஆறு தலைகளும் ஒன்றாக ஆடின.

"விரும்பி இருப்பவர்களுக்கு வெளித்தாழ்ப்பாள் எதற்கு?" என்றான் அந்துவன். "மூன்று நாள் கழற்றி வைக்கட்டும். இந்தச் சேந்தனும் அந்தப் பக்கம் போகக் கூடாது."

சேந்தன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

முதல் நாள் கதவு திறந்து கிடந்தது. யாரும் வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் காற்று வந்து கதவை ஆட்டிவிட்டுப் போயிற்று. யாரும் வெளியே வரவில்லை. எதிரே நின்று காவல் காத்த அந்துவனைப் பார்த்து, "என்ன அந்துவரே, உங்கள் கிளிகள் பறக்கவில்லையா?" என்று தெருவே கேட்டது.

மூன்றாம் நாள் அந்துவன் உள்ளே போனான். ஆள் வாழும் வீட்டை ஒழிக்க அவன் நுழைந்தது அதுவே முதல்முறை. ஆறு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"கதவு திறந்துதானே இருக்கிறது?"

"சேந்தன் இல்லாமல் வெளியே போனால் காவலர்கள் பிடித்துக் கடலில் எறிவார்களாம்" என்றாள் தாழ்ப்பாள் கேட்டவள்.

"யார் சொன்னது?"

"அவனேதான். இந்த ஊரில் எங்களோடு பேசியது அவன் ஒருவன்தானே? மூன்று மாதம் உங்கள் கட்டிலைத் தூக்கினோம். கட்டிலின் வயதை நீங்கள் கேட்டீர்கள். எங்கள் பேரைக் கேட்டீர்களா?"

அந்துவனுக்கு முகம் கன்றியது. பிறகு, "உன் பெயர் என்னம்மா?" என்றான்.

"எயினி."

அடுத்தவரிடம் கேட்டான். அதற்கடுத்தவரிடமும் கேட்டான். ஆறு பெயர்கள் வந்தன. பெயரோடு ஊர் வந்தது, ஊரோடு அம்மா வந்தாள், அம்மாவோடு அழுகை வந்தது. உச்சிவெயிலில் ஏழு பேரும் தெருவழியே மன்றத்துக்கு நடந்தார்கள். காவலன் ஒருவன் எதிரே வந்தான். எயினி அந்துவன் கையை இறுகப் பற்றினாள். காவலன் கொட்டாவி விட்டுக்கொண்டு கடந்து போனான்.

சேந்தன் இல்லாத மன்றத்தில் அவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். சேந்தன் சிறைக்குப் போனான். வெளித்தாழ்ப்பாளைப் பற்றி அவனுக்கு அங்கே நன்றாக விளங்கியிருக்கும். அரண்மனை வேலை வேறொருவனுக்குப் போனது. ஆறு பேரும் மலைக்குப் புறப்பட்டார்கள்.

வண்டியேறும்போது எயினி, "ஒரே பகலில் மூன்று கட்டு வீட்டை ஒழிப்பவர் நீங்கள். எங்கள் ஒற்றை அறையை ஒழிக்க மூன்று மாதம் ஆயிற்றே!" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்துவனால் சிரிக்க முடியவில்லை.

அதன்பின் யார் ஆட்களைக் கொண்டுவந்தாலும், அந்துவன் முதலில் கொண்டுவந்தவனைச் சாப்பிட அனுப்பிவிடுவான். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாக மூன்று கேள்வி கேட்பான். உன் பெயர் என்ன? எங்கே படுக்கிறாய்? நாளை நீ வராவிட்டால் உனக்கு என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு "என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது" என்று அலட்சியமாகப் பதில் வந்தால்தான் அவன் முகம் மலரும், முதல் பானையைத் தூக்கச் சொல்வான்.

கேட்டவர்களே, இக்கதையின் நீதி இதுதான்: பிறர் உழைப்பைப் பெறுகிறவர், உழைப்பவர் விரும்பித்தான் உழைக்கிறாரா என்பதை அவர் வாயாலேயே, அச்சமில்லாத இடத்தில், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.