காத்தாயி வீட்டுக் கஞ்சி

கேளுங்கள் மக்களே. ரொம்பக் காலத்துக்கு முன்னால் மாங்குடி நாட்டை வீரபூபதி என்றொரு ராஜா ஆண்டான். வானத்தைத் தொடும் கோபுரம் ஒன்று கட்டி, அதன் உச்சியில் தன் வெள்ளிச்சிலையை வைக்க ஆசைப்பட்டான். வெட்கங்கெட்ட ஆசை!

கஜானா காலியானது. வரியைக் கூட்டினால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் சத்தமில்லாமல் வெள்ளிக்காசில் ஈயத்தைக் கலந்து, ஒரு காசை மூன்று காசாக்கினான். நாட்டில் காசு பெருகியது. அரிசி பெருகவில்லை.

முதல் வருஷம் ஒரு காசுக்கு மூன்று படி அரிசி. மறுவருஷம் இரண்டு படி. மூன்றாம் வருஷம் ஒரே படி. கோபுரத்துக்கு மண் சுமந்த காத்தாயிக்கு வாரக்கூலி மட்டும் அதே ஒரு காசுதான். புருஷன் இல்லாதவள். மூன்று வயதாகியும் அவள் மகன் மாடன் இன்னும் எழுந்து நிற்கவில்லை. அவனுக்கு ஊட்ட அவளிடம் சோறு இல்லை.

ஜனங்கள் முறையிட்டார்கள். ராஜா பரிவாரத்தோடு வந்து, வீடு வீடாகப் பானையைத் திறந்து பார்த்தான். எல்லாப் பானையும் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"பானை நிறையக் கஞ்சி! கூலியிலும் நான் குறைக்கவில்லை. தின்று கொழுத்துப் பொய் சொல்கிறீர்களா?" என்று காத்தாயி வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மகாராசா, மூணு நாளைக்கு என் பானையில இருக்கிறத மட்டும் குடிங்க. வேற எதையும் தொடக்கூடாது. மூணாம் நாள் நீங்க கோபுரத்துல ஏறிட்டா என் தலைய எடுத்துக்கோங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க முடியாமல் ராஜா ஒப்புக்கொண்டான்.

முதல் நாள் கேலி பேசிக்கொண்டே குடித்தான். இரண்டாம் நாள் மந்திரியைக் காரணமில்லாமல் அறைந்தான். மூன்றாம் நாள் ஏழு படிக்கட்டு ஏறியதும் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான்.

காத்தாயி மண்கூடையோடு அவனைத் தாண்டி ஏறினாள். கொட்டிவிட்டு இறங்கி வந்து, மாடனைத் தூக்கி ராஜாவின் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"உங்களுக்கு மூணு நாளு. இவனுக்கு மூணு வருசம். என் பங்குல பாதிய இவனுக்கு ஊத்திட்டுத்தான் தெனமும் நாப்பது தடவ உங்க மண்ணச் சுமக்கிறேன். பானையில நெறஞ்சிருந்தது தண்ணி, மகாராசா. வெறுந் தண்ணி!"

கோபுர வேலை அன்றோடு நின்றது. சிலைக்கு வைத்திருந்த வெள்ளியை உருக்கி நல்ல காசு அடித்தார்கள். அரிசி விலை இறங்கியது. அடுத்த அறுவடைக்குள் மாடன் நின்றான், நடந்தான். ஆனால் வளைந்துபோன கால்கள் நேராகவே இல்லை. ராஜா எத்தனை வைத்தியரை அனுப்பி என்ன? மூன்று வருஷம் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு இப்போது தைலம் தடவினால் ஆயிற்றா?

ஆகவே மக்களே, கூலியில் கை வைக்காமல் காசின் மதிப்பைக் கெடுக்கிறவன், தலையில் கிரீடம் வைத்திருந்தாலும், ஏழை வீட்டுப் பிள்ளையின் சோற்றைத் திருடிய திருடன்தான்.