வாழைநாரில் தொங்கிய மணிக்கயிறு

கிட்ட வந்து உட்காருங்கள், பின்னால் இருக்கிறவர்களும்தான். இது மணி அடிக்காத கதை. தள்ளி இருந்தால் கேட்காது.

ரொம்பக் காலத்துக்கு முன்னே நண்டுத்துறை என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே மாதா கோயிலில் பெரிய வெண்கல மணி. பன்னிரண்டு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால்தான் அசையும். மூடுபனியில் மீன்பிடிக்கப் போனவர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கரை சேருவார்கள்.

முதலில் மணி ‘டாங்’ என்றது. அப்புறம் ‘டிங்’ என்றது. அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை.

பூக்கட்டும் விசேந்திக்குத்தான் வயிறு எரிந்தது. அவள் புருஷன் பனியில் வழி தெரியாமல் மூன்று தரம் பக்கத்து ஊரில் கரையேறினான். மூன்று தரமும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். மூன்றாம் தரம், அந்த ஊர்க் குழம்பு நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னான்.

இழுக்கிறவர்களைக் கேட்டால், மணி கோபித்துக்கொண்டது என்றார்கள். எண்ணெய் விட்டார்கள், அசையவில்லை. தீர்த்தம் தெளித்தார்கள், அசையவில்லை. சரி, மாலை போட்டுப் பார்ப்போம் என்று விசேந்தியை மேலே ஏற்றினார்கள்.

ஏறினவள் மாலையைப் போட்டாள். சத்தமில்லாமல் கயிற்றை மணியிலிருந்து அவிழ்த்து, பூக்கட்டுகிற வாழைநாரால் உத்தரத்தில் தொங்கவிட்டாள். பிறகு, இழுங்கள் என்றாள்.

இழுக்கிறவர்களில் கயித்தான் அலறினான். சந்தியாகு கண்ணை மூடிப் பல்லைக் கடித்தான். ஊர்த்தலைவர் ராயப்பன் ‘ஏலேலோ’ போட்டார். நார் அப்படியே இருந்தது.

கீழே வந்து, யார் பலமாக இழுத்தது என்று கேட்டாள். பன்னிரண்டு பேரும் நான்தான் என்றார்கள்.

“கயிறு மணியிலேயே இல்லை மாமா, என் வாழைநாரில் தொங்குது. ஒரு கோழி இழுத்திருந்தாலும் அறுந்திருக்கும்” என்று ராயப்பனிடம் சொன்னாள்.

அவள் சொல்வது பொய் என்று காட்ட, அன்றைக்குத்தான் பன்னிரண்டு பேரும் நிஜமாக இழுத்தார்கள். நார் அறுந்தது. ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்தார்கள். ராயப்பனின் தலைப்பாகை கயித்தான் வாயைப் போய் அடைத்தது.

விசேந்தி மறுபடி ஏறிக் கயிற்றை மணியில் கட்டினாள். அடுத்த மூடுபனியில் மணிச்சத்தம் பக்கத்து ஊருக்கே கேட்டது. அவள் புருஷன் நேரே வீட்டுக்கு வந்து, பசிக்கிறது என்றான்.

எல்லாரும் சேர்ந்து செய்கிற வேலையில், மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று ஒவ்வொருவனும் நினைத்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது.

விசேந்தி அதோடு விடவில்லை. மணி கொஞ்சம் மெலிந்து கேட்கிற நாளெல்லாம், பூ வைக்காமல் வெறும் வாழைநாரைக் கொண்டையில் சுற்றிக்கொண்டு, கயிறு இழுக்கிறவர்கள் முன்னால் ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள்.